வென்டிலேட்டரில் அம்மா: ஒரு மூச்சுக்கு 270 மில்லி போதுமா?

சின்னப்பாலத்தான் கேட்டது

எல்லோருக்கும் வணக்கம். பாம்பன் பக்கத்தில் சின்னப்பாலம் எங்கள் ஊர். அம்மாவுக்கு 56 வயது. கடலில் பாசி எடுக்கிறவர். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு விடியும் முன்னால் வத்தை (சின்னப் படகு) ஏறிவிடுவார். சின்ன வயதில் சில நாள் என்னையும் கூட்டிப்போவார். அம்மா முங்கியதும் நான் எண்ணத் தொடங்குவேன். ஐம்பது, அறுபது எண்ணிய பிறகுதான் தலை வெளியே தெரியும். அதுவரைக்கும் என் நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும்.

அந்த அம்மா இப்போது மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி ஐசியூவில் வென்டிலேட்டரில் இருக்கிறார். காய்ச்சல் என்று நான்கு நாள் வீட்டிலேயே கஷாயமும் மாத்திரையுமாக ஓட்டிவிட்டோம். ஐந்தாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ராமநாதபுரம் கொண்டுபோய், அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். நிமோனியா, இரண்டு பக்க நுரையீரலும் பாதித்திருக்கிறது, ஏஆர்டிஎஸ் (நுரையீரல் திடீரென்று கடுமையாகப் பாதிக்கப்படும் நிலை) என்று சொன்னார்கள். வாயில் குழாய் போட்டு இன்றோடு நான்கு நாள்.

காலையும் மாலையும் ஐந்து ஐந்து நிமிடம் பார்க்க விடுகிறார்கள். இன்று திரையில் இருந்ததைப் பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டு வந்தேன்: ஆக்சிஜன் 60, பீப் 10, 270 மில்லி, நிமிடத்துக்கு 24. டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். என் காதில் தான் எதுவும் ஏறவில்லை.

கேட்க வேண்டியவை இவைதான். ஒரு நிமிடம் தம் கட்டுகிற அம்மாவுக்கு எப்படி மூச்சுத் திணறல் வரும்? சாதாரண ஆளுக்கு ஒரு மூச்சுக்கு 500 மில்லி என்று படித்தேன். அம்மாவுக்கு 270 தான் வைத்திருக்கிறார்கள், அது பாதிதானே? அப்புறம், எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் "அந்த மெசினில் போட்டால் திரும்பி வருவது கிடையாது, மூச்சை மெசின்தான் விடுகிறது, ஆள் எப்போதோ போயிருக்கும்" என்கிறார்கள். சித்தப்பா நேற்று ராத்திரி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்றே சொல்லிவிட்டார். எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


தங்கச்சிமடம் நர்ஸ் எழுதியது

தம்பி, முதலில் ஒரு வாய் ஏதாவது சாப்பிட்டீர்களா? சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள், நீளமாக எழுதப்போகிறேன்.

நான் தங்கச்சிமடத்துக்காரி. சென்னையில் ஐசியூவில் பதினாறு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். அம்மாவைப் பார்க்காமல் அவர் நிலை பற்றி நான் முடிவு சொல்லக் கூடாது. அதை அங்கே இருக்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த டிக்கெட்டில் இருக்கிற நான்கு எண்ணும் என்ன என்று சொல்ல முடியும். அது தெரிந்தால் நாளைக்கு டாக்டர் பேசும்போது உங்களுக்குப் பிடி கிடைக்கும்.

தம் கட்டுவதிலிருந்தே தொடங்குகிறேன். தண்ணீருக்குள் "இனி முடியாது, மேலே போ" என்று நெஞ்சு முட்டுகிறதே, அது பெரும்பாலும் ஆக்சிஜன் தீர்ந்ததால் வருவதில்லை. உடம்பு உண்டாக்கும் கரியமில வாயு இரத்தத்தில் சேரச் சேர, மூளைத் தண்டில் உள்ள மூச்சு மையம் முட்டத் தொடங்குகிறது. பாசி எடுக்கிற பெண்கள் வருடக்கணக்காக அந்த முட்டலைத் தாங்கப் பழகியவர்கள். (முங்குவதற்கு முன் வேக வேகமாக மூச்சை இழுத்து விட்டால் அதிக நேரம் நிற்கலாம் என்று பையன்கள் செய்வார்கள். செய்யவே கூடாது. கரியமில வாயு குறைந்துபோய் முட்டலே வராது, ஆக்சிஜன் தீர்ந்து தண்ணீருக்குள்ளேயே மயங்கிவிடுவார்கள்.) அம்மாவிடம் இருந்தது அந்தத் தாங்கும் பழக்கம். நிமோனியா அந்தப் பழக்கத்தை ஒன்றும் செய்யவில்லை. அது அடித்தது வேறு இடத்தில்.

நுரையீரலுக்குள் முப்பது கோடிக்கும் மேல் குட்டிக் காற்றறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் சுவரும் பாசியின் மேல்தோலைவிட மெல்லியது. சுவருக்கு இந்தப் பக்கம் காற்று, அந்தப் பக்கம் இரத்தம். ஆக்சிஜன் கடந்துபோவது அங்கேதான். நிமோனியா முற்றி ஏஆர்டிஎஸ் ஆகும்போது அந்த அறைகளில் நீர் கோத்துக்கொள்கிறது, பல அறைகள் சுருங்கி ஒட்டிப்போகின்றன. இரத்தம் அந்த வழியாகப் போகும், ஆனால் அங்கே வாங்குவதற்குக் காற்று இருக்காது. வெறுங்கையோடு திரும்பும். அதனால்தான் முகமூடி வைத்து எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் அளவு ஏறாமல் நின்றிருக்கும். ஒட்டிப்போன அறைக்குள் ஆக்சிஜன் போனால்தானே?

இப்போது எண்களுக்கு வருகிறேன். ஆக்சிஜன் 60 என்பது அம்மாவுக்குப் போகும் காற்றில் 60 சதவீதம் ஆக்சிஜன் என்று அர்த்தம். நாம் மூச்சு விடும் சாதாரணக் காற்றில் 21. இந்த எண் நாளுக்கு நாள் இறங்குகிறதா என்று பாருங்கள்.

பீப் என்பது மூச்சை வெளியே விட்டு முடித்த பிறகும் நுரையீரலுக்குள் கொஞ்சம் அழுத்தத்தை விட்டுவைப்பது. புது பலூனை முதல் தடவை ஊதுவது எவ்வளவு கஷ்டம், பாதி காற்று இருக்கும்போது ஊதுவது எவ்வளவு சுலபம்! காற்றறையும் அப்படித்தான். முழுக்கச் சுருங்கி ஒட்டவிட்டால் அடுத்த மூச்சில் பிரிப்பது பாடு. அதனால் திறந்த அறையைத் திறந்தபடியே பிடித்துவைக்கிறார்கள். 10 என்பது பத்து சென்டிமீட்டர் தண்ணீர். ஆமாம், தண்ணீர்தான் அளவுகோல். குறைமாதக் குழந்தைகளுக்கு இதையே மெசின் இல்லாமல் செய்வதுண்டு: மூச்சு வெளியே வரும் குழாயின் நுனியை ஒரு பாட்டில் தண்ணீரில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்துவிடுவார்கள். குழந்தை மூச்சு விட விட அங்கே குமிழி வந்துகொண்டிருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பச்சிளங்குழந்தைப் பிரிவில் ராத்திரி ஷிப்டில் அந்தக் குமிழிச் சத்தத்தைக் கேட்டபடியே உட்கார்ந்திருப்பேன். குமிழி நின்றால் எழுந்து ஓட வேண்டும்.

270 தான் உங்களை ரொம்ப வதைக்கிறது என்று தெரிகிறது. அது கஞ்சத்தனம் இல்லை, அம்மாவைக் காப்பதற்காக வைத்தது.

நாம் மூச்சை இழுக்கும்போது காற்றை உள்ளே தள்ளுவதில்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கூடாரம் போல ஒரு தசை இருக்கிறது, பள்ளிப் புத்தகத்தில் உதரவிதானம் என்று படித்திருப்பீர்கள். அது கீழே இறங்கும், விலா எலும்புகள் விரியும், நெஞ்சுக்கூடு பெரிதாகும், காற்று தானாக உள்ளே வரும். கொல்லன் துருத்தியை விரித்ததும் காற்று புகுவது போல. வென்டிலேட்டர் செய்வது இதற்கு நேர்மாறு. அது வெளியிலிருந்து காற்றைத் தள்ளுகிறது. தள்ளும் காற்று இளகிய பக்கமாகத்தான் ஓடும். அம்மாவின் நுரையீரலில் பாதிக்கு மேல் நீர் கோத்து இறுகியிருந்தால், மிச்சம் இருக்கிற நல்ல பகுதி ஒரு குழந்தையின் நுரையீரல் அளவுதான் இருக்கும். 500 மில்லியைத் தள்ளினால் முழுவதும் அந்தச் சின்ன இடத்துக்குள் போய் அதைக் கிழித்துவிடும்.

ஒரு காலத்தில் டாக்டர்களே பெரிய மூச்சாகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2000-இல் அமெரிக்காவில் 861 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. ஒரு பிரிவுக்குக் கிலோவுக்கு 12 மில்லி, இன்னொரு பிரிவுக்கு 6 மில்லி. பெரிய மூச்சு கொடுத்தவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் இறந்தார்கள். சின்ன மூச்சு கொடுத்தவர்களில் 31 சதவீதம். மருந்து எதுவும் மாற்றவில்லை, மூச்சின் அளவை மட்டும் குறைத்தார்கள். எங்கள் வார்டில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

அந்தக் கிலோ தராசில் ஏற்றிப் பார்க்கிற எடை கிடையாது. உயரத்தை வைத்துக் கணக்கிடுவது. ஆள் குண்டானாலும் நுரையீரல் வளராது. அம்மா ஐந்தடி உயரம் இருப்பாரா? அப்படியானால் கணக்கு 45 கிலோ சொச்சம் வரும். ஆறால் பெருக்கினால் 270. சரியாக வைத்திருக்கிறார்கள். மூச்சு சிறியது என்பதால்தான் எண்ணிக்கையை 24 ஆக்கியிருக்கிறார்கள். நீங்களே பெருக்கிப் பாருங்கள்: 270-ஐ 24-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு ஆறரை லிட்டர். சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள் 500 மில்லி வீதம் 12 மூச்சு விட்டால் 6 லிட்டர். அம்மா காற்றுக்கு ஏங்கவில்லை, தம்பி.

சித்தப்பாவுக்கு என்ன சொல்வது என்று கேட்டீர்கள். 1952-இல் டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகரத்தில் போலியோ பரவியது. மூச்சுத் தசை செயலிழந்து வந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து டாக்டர், பன்னிரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தினார். குழந்தை பிழைத்தது. அத்தனை பேருக்கும் மெசின் இல்லை. சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலும் மாதக்கணக்கில் கையாலேயே பையை அமுக்கினார்கள். சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. வென்டிலேட்டர் வைத்த ஐசியூ என்ற ஒன்று அங்கிருந்துதான் வளர்ந்தது. அந்த மாணவர்கள் கையால் கொடுத்ததை அம்மாவுக்கு இப்போது மெசின் கொடுக்கிறது. செத்த உடம்பை வைத்துக்கொண்டு யாரும் பீப் 10, ஆக்சிஜன் 60 என்று அளந்து வைக்கமாட்டார்கள். இதயம் எப்படி அடிக்கிறது, சிறுநீர் வருகிறதா, மருந்துக்கு உடம்பு பதில் சொல்கிறதா? இவற்றைச் சித்தப்பாவையே டாக்டரிடம் நேரில் கேட்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வென்டிலேட்டர் நுரையீரலைக் குணமாக்காது. நிமோனியாவை மருந்தும் அம்மாவின் உடம்பும்தான் வெல்ல வேண்டும். அதுவரைக்கும் நாள் வாங்கிக் கொடுப்பதுதான் மெசின் வேலை. எல்லோரும் மீண்டு வருவதில்லை, நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நடந்து வீட்டுக்குப் போனவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். நான்காம் நாளில் கூட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.


கீழக்கரை சங்கு எழுதியது

அல்லாஹ் உங்கள் உம்மாவுக்கு ஷிஃபா கொடுப்பான், தம்பி. நாங்கள் வீட்டில் எல்லோரும் துஆ செய்கிறோம்.

நர்ஸ் தங்கச்சியிடம் எனக்கு ஒரு கேள்வி. நான் இருபது வருடம் சங்கு குளித்தவன். கம்ப்ரசர் வைத்து, குழாயை வாயில் கடித்துக்கொண்டு ஐந்து ஆறு பாகம், அதாவது பத்து மீட்டர் வரை இறங்குவோம். மேலே இருக்கிற மெசின் காற்றைத் தள்ளும், கீழே நாங்கள் மூச்சு விடுவோம். வென்டிலேட்டரும் அதுவும் ஒன்றுதானே? ஐசியூவில் முப்பது சென்டிமீட்டர் தண்ணீர் அழுத்தத்தைத் தாண்டவிடக் கூடாது என்று என் மருமகன் சொன்னான், அவன் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீசியன். நான் பத்து மீட்டர் தண்ணீரைச் சுமந்தவன். அதாவது ஆயிரம் சென்டிமீட்டர். என் நெஞ்சு கிழியவில்லையே?


தங்கச்சிமடம் நர்ஸ் எழுதியது

அண்ணே, இந்தக் கேள்வியை எந்த வகுப்பிலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. நல்ல கேள்வி.

உங்களை அமுக்கிய ஆயிரம் சென்டிமீட்டர் வெளியிலிருந்து அமுக்கியது. அதே அழுத்தத்தில் குழாய் வழியாகக் காற்று உள்ளேயும் வந்தது. இரண்டும் சமம். அதனால் நுரையீரல் இழுபடவில்லை. நுரையீரலைக் கிழிப்பது அழுத்தத்தின் அளவு இல்லை, உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கிற வித்தியாசம். படுக்கையில் இருக்கிற நோயாளிக்கு வெளியே சாதாரணக் காற்றுதான், உள்ளே மட்டும் தள்ளுகிறோம். முப்பது என்பது முழுக்க முழுக்க வித்தியாசம்.

உங்களுக்குத் தெரிந்த உதாரணமே சொல்கிறேன். கம்ப்ரசர் காற்றை இழுத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி மேலே வரக் கூடாது என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்திருப்பார்களே? பத்து மீட்டரில் இருக்கும் ஒரு மூச்சுக் காற்று தண்ணீருக்கு மேலே வரும்போது இரண்டு மடங்காகும். வாயைத் திறந்து விட்டுக்கொண்டே வராவிட்டால் நுரையீரல் வெடிக்கும். வென்டிலேட்டரில் 30-ஐத் தாண்டாதே என்பதும் அந்தப் பயம்தான். பாசி எடுக்கிற பெண்களுக்கு இந்த ஆபத்து இல்லை. தண்ணீருக்கு மேலே இழுத்த மூச்சு கீழே சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. கம்ப்ரசர் காற்றைக் கொண்டுவந்து வாயருகே வைக்கும், இழுத்தது உங்கள் தசை. கம்ப்ரசர் இல்லாமல் வெறும் குழாயைக் கடித்துக்கொண்டு ஒரு மீட்டர் ஆழத்தில் மூச்சு இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நெஞ்சு விரியவே விரியாது. அந்த நூறு சென்டிமீட்டர் தண்ணீரை எதிர்த்து இழுப்பது திடமான ஆளின் தசைக்கே எல்லை. தம்பியின் அம்மாவுக்கு இறுகிய நுரையீரலை விரிக்க அப்படித்தான் இழுக்க வேண்டியிருந்திருக்கும், நாள் முழுக்க. கழுத்து நரம்பு புடைக்க, விலா உள்ளே போக இழுத்துக் களைத்துப்போன பிறகுதான் குழாய் போட்டிருப்பார்கள்.


தொண்டி வாசகர் எழுதியது

எங்கள் அப்பா பதினோரு நாள் வென்டிலேட்டரில் இருந்து வந்தவர். இப்போது கடைக்கு அவரே போகிறார். எனக்கு உடல்கூறு எல்லாம் தெரியாது, பார்த்ததைச் சொல்கிறேன்.

கையைக் கட்டிவைத்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு நான் ஐசியூவில் சத்தம் போட்டுவிட்டேன். அரை மயக்கத்தில் குழாயைப் பிடுங்கிவிடுவார்கள் என்பதால் துணியால் தளரக் கட்டுகிறார்கள் என்று பிறகுதான் சொன்னார்கள். குப்புறப் படுக்க வைத்திருந்தால் அதற்கும் பயப்படாதீர்கள். நுரையீரலின் பின்பக்கம் விரிவதற்காக ஒரு நாளில் பதினாறு மணி நேரம் வரை அப்படி வைப்பார்களாம். முகம் வீங்கிவிடும், பார்க்கச் சகிக்காது. பிறகு வற்றிவிட்டது.

வெளியே வந்த பிறகு ஒரு வாரம் அப்பா யாரையோ பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். கூரையில் வலை காய்கிறது என்பார். அதுவும் பிறகு சரியாகிவிட்டது. குரல் வர ஒரு மாதம் ஆயிற்று. நாங்கள் தினமும் காதருகில் பேசினோம். பதில் வராது, ஆனாலும் பேசுங்கள்.


சின்னப்பாலத்தான் எழுதியது

எல்லோருக்கும் நன்றி. நர்ஸ் அக்கா எழுதியதை சித்தப்பாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். பெருக்கல் கணக்கைத் திரும்பப் போட்டுக் காட்டச் சொன்னார். மறுநாள் அவரே மதுரைக்கு வந்து டாக்டரிடம் பேசினார். வீட்டுக்குக் கொண்டுபோகிற பேச்சு அதோடு நின்றது.

இன்று எட்டாம் நாள். ஆக்சிஜன் 40, பீப் 6. மயக்க மருந்தைக் குறைத்திருக்கிறார்கள். நான் கூப்பிட்டதும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஆனால் காலையில் மெசின் உதவியைக் குறைத்து, அம்மாவையே மூச்சு விட வைத்துப் பார்த்தார்களாம். இருபது நிமிடத்தில் மூச்சு நிமிடத்துக்கு 38 ஆகி, வியர்த்துப்போய், திரும்பப் பழையபடி மாட்டிவிட்டார்கள். மனசு உடைந்துவிட்டது. கடலில் முங்கிய நெஞ்சு இருபது நிமிடம் தாங்கவில்லையே அக்கா.


தங்கச்சிமடம் நர்ஸ் எழுதியது

தம்பி, 60 இருந்தது 40 ஆகியிருக்கிறது, பீப் 10 இருந்தது 6. நுரையீரல் திறந்துகொண்டு வருகிறது. முதலில் இதைப் பாருங்கள்.

காலையில் செய்தது ஒரு பரீட்சை. அரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் வரை தானாக மூச்சு விட முடிகிறதா என்று பார்ப்பது. முதல் தடவையிலேயே எல்லோரும் தேறிவிடுவதில்லை. மெசின் வேலை செய்யும் நாட்களில் உதரவிதானத்துக்கு வேலை இல்லை. கட்டுப் போட்ட கை மெலிவது போல அதுவும் மெலியும், ஓரிரண்டு நாளிலேயே தொடங்கிவிடும். இப்போது அம்மாவுக்குக் குறைவது நெஞ்சின் பழைய பழக்கம் இல்லை, அந்தத் தசையின் பலம். 38 ஆனதும் உடனே திரும்ப மாட்டினார்களே, அதுதான் சரி. களைக்கவிட்டால் இன்னும் இரண்டு நாள் பின்னால் போகும். அனேகமாக நாளைக் காலையில் மறுபடி பார்ப்பார்கள். அதுவரைக்கும் அம்மாவே மூச்சைத் தொடங்க, மெசின் பின்னாலிருந்து கொஞ்சம் தள்ளிவிடுவது போல வைத்திருப்பார்கள்.

நாளைக்கு நீங்கள் கேட்க வேண்டியது: இருமல் பலமாக வருகிறதா, சளி எவ்வளவு வருகிறது, உட்கார வைத்தார்களா. குழாயை எடுத்தபின் சளியைத் தானே இருமித் துப்ப முடியாவிட்டால் திரும்பக் குழாய் போட வேண்டிவரும், அதனால் இது முக்கியம். மெசின் கத்தினால் பயப்படாதீர்கள். சளி அடைத்தாலும் கத்தும், இருமினாலும் கத்தும், குழாயைக் கடித்தாலும் கத்தும். நர்ஸ் வந்து பார்ப்பார்.

கண் திறந்துவிட்டார் என்றால் இனிமேல் சுற்றி நடப்பது அவருக்குத் தெரியத் தொடங்கும், ஆனால் பேச முடியாது. குழாய் குரல்நாண்களுக்கு நடுவே போகிறது, அவற்றைத் தாண்டிக் காற்று வராது. அந்த நேரத்தில்தான் ரொம்பப் பயந்துபோவார்கள். இன்றைக்கு என்ன கிழமை, எந்த ஊர், ஏன் குழாய், எப்போது எடுப்பார்கள் என்று ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லுங்கள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா? தெரிந்தால் ஒரு சிலேட்டு கொண்டுபோங்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் அதையும்.


சின்னப்பாலத்தான் எழுதியது

எழுதப் படிக்கத் தெரியாது அக்கா. தங்கச்சி மகள் நன்றாகப் படம் வரைவாள். தண்ணீர், வலி, தலையணை, குளிர், வெளிச்சத்தை அணை, இவ்வளவும் ஒரு அட்டையில் பெரிதாக வரையச் சொல்லியிருக்கிறேன். அம்மா விரலால் தொட்டுக் காட்டட்டும். வேறு என்ன வரையலாம் என்று இருந்தால் இன்று ராத்திரிக்குள் சொல்லுங்கள், காலை ஏழு மணிக்கு உள்ளே விடுவார்கள்.


தங்கச்சிமடம் நர்ஸ் எழுதியது

சளி எடு, திரும்பிப் படுக்க வை, மூச்சு முட்டுகிறது. இந்த மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஓரத்தில் வீட்டு ஆட்கள் முகத்தையும் வரையச் சொல்லுங்கள், யாரைத் தேடுகிறார் என்று காட்டுவார். அட்டையை உள்ளே கொண்டுபோகும் முன் பிளாஸ்டிக் உறை போட்டுவிடுங்கள், துடைக்க வசதியாக இருக்கும்.